பிள்ளை பயந்துவிடவில்லை

நடுராத்திரியில் பிள்ளை அலறினால், “பிள்ளை எதையோ பார்த்துப் பயந்திருக்கு” என்பார் பாட்டி. சிங்கப்பூரின் காத்தோங்கில் இருப்பவர்கள் சிலோன் சாலை செண்பக விநாயகர் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிப் பூசுவார்கள்; உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார்கள். அதில் தவறில்லை, கலங்கிய பெரியவர்கள் மனம் ஆறும். ஆனால் அலறிய அந்தப் பிள்ளை எதையும் பார்க்கவில்லை. அது தூங்கிக்கொண்டிருந்தது.

தூங்கிய முதல் சில மணி நேரத்துக்குள், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து மூளை அரைகுறையாக விழிப்பதால் வருவது இந்த அலறல். கண் திறந்திருக்கும், உடம்பு வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், அம்மா அணைத்தாலும் தள்ளிவிடும். காலையில் ஒன்றும் நினைவிருக்காது. கெட்ட கனவு வேறு. அது பெரும்பாலும் விடியும் நேரத்தில் வரும். பிள்ளை விழித்து அழுது, மடியைத் தேடும். கனடாவின் கியூபெக்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ஒன்றரை வயதுக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த அலறல் இருந்தது. வளர வளரப் பெரும்பாலும் தானாக நின்றுவிடும்.

அலறும்போது எழுப்பாதீர்கள். உலுக்குவதும் முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் அலறலை நீட்டிக்கவே செய்யும். விழுந்துவிடாமல் பக்கத்தில் இருங்கள். சில நிமிடங்களில் அடங்கும். எழுந்து ஓடும் பிள்ளையென்றால், அடுக்குமாடி வீட்டில் சன்னலையும் வாசல் கதவையும் பூட்டிவிட்டுப் படுப்பது கட்டாயம். காலையில் அதைப் பற்றிக் கேட்டுத் துருவவும் வேண்டாம்.

காய்ச்சல், நிரம்பிய சிறுநீர்ப்பை, மனச்சஞ்சலம் எல்லாம் இதைத் தூண்டலாம். நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது தூக்கக் குறைவைத்தான். தொடக்கப்பள்ளி காலை ஏழரைக்குத் தொடங்குகிறது; பள்ளிப் பேருந்து அதற்கும் வெகு முன்பே வந்துவிடும். இரவிலோ துணைப்பாடம், வேலை முடிந்து தாமதமாக வரும் அப்பாவுக்கான காத்திருப்பு. மூன்று முதல் ஐந்து வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும்; தொடக்கப்பள்ளி வயதில் குறைந்தது 9 மணி நேரம். தூக்கக் கடன் சேர்ந்தால் அடுத்த இரவு ஆழ்ந்த தூக்கம் கூடுதலாக அழுத்தும், அலறலும் கூடும். அரை மணி முன்னதாகப் படுக்க வைத்துப் பாருங்கள்.

தினமும் ஒரே நேரத்தில் வருகிறதென்றால், அதற்குக் கால் மணி முன்பு மெல்லத் தட்டி எழுப்பி மறுபடி தூங்க வைப்பதைச் சில வாரம் செய்வதும் பலருக்கு உதவியிருக்கிறது.

குறட்டை விடும் பிள்ளையென்றால் காத்திருக்க வேண்டாம். தொண்டைச் சதை வளர்ந்து மூச்சை அடைத்தாலும் இந்த அலறல் வரும். அதைச் சரிசெய்ததும் அலறல் நின்ற பிள்ளைகள் உண்டு. கைகால் வெட்டி இழுத்தாலோ, ஒரே இரவில் பலமுறை வந்தாலோ வலிப்பா என்று பார்க்க வேண்டும். பலதுறை மருந்தகத்தில் காட்டினால், தேவைப்பட்டால் கேகே மகளிர், சிறார் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். போகும்போது, கைப்பேசியில் எடுத்த ஒரு காணொளியும் ஒரு வாரத்துத் தூக்க நேரக் குறிப்பும் கையில் இருக்கட்டும்.