கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு மருத்துவ ஆய்வாளரின் சொல்லுக்குச் சான்றாகுமா?

"உலகப் புகழ்பெற்ற மருத்துவ விஞ்ஞானி, நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை எழுதியவர்" என்ற அறிமுகத்துடன் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களுக்கு அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. அதன் கீழே ஏதேனும் ஒரு மருந்தைப் புகழ்ந்தோ, ஒரு தடுப்பூசி ஆபத்தானது என்று எச்சரித்தோ நான்கு வரிகள் இருக்கும். இவ்வளவு எழுதியவர் தவறாகச் சொல்வாரா என்று எண்ணி நாமும் அதை அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த எண்ணிக்கை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரிந்துகொள்வது நம் பிள்ளைகளின் உடல்நலத்தோடு தொடர்புடைய விஷயமாகும்.

எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஒரு மருத்துவ ஆய்வாளர் தமது ஆய்வை எழுதி ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்புகிறார். அதே துறையினர் சிலர் அதைப் படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டிய பிறகே தரமான இதழ்கள் அதை வெளியிடும். பின்னர் வேறொருவர் தம் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டால், அது ஒரு மேற்கோளாக எண்ணப்படும்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் ஜார்ஜ் ஹிர்ஷ் இவ்விரண்டையும் சேர்த்து 'எச்-இண்டெக்ஸ்' என்ற அளவை முன்வைத்தார். ஒருவரின் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச்-இண்டெக்ஸ் 20. அது 21 ஆக வேண்டுமானால், 21 கட்டுரைகளுக்குத் தலா 21 மேற்கோள்கள் வேண்டும். வேலை நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி ஆகியவற்றில் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள்.

இது பயனற்ற அளவு அல்ல. ஒருவர் தம் துறையில் எவ்வளவு கவனிக்கப்படுகிறார் என்பதைத் தோராயமாகக் காட்டும். ஆனால் ஒரு கட்டுரையை ஏற்றுக் குறிப்பிட்டாலும், மறுத்துக் குறிப்பிட்டாலும் கணக்கில் அது ஒரு மேற்கோள்தான்.

ஒரு கட்டுரையின் கதை

1998 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையைச் சேர்ந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் 12 சக ஆய்வாளர்களும் 'தி லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் ஆராயப்பட்டவர்கள் 12 குழந்தைகள் மட்டுமே. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை அது கிளப்பியது. தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று கட்டுரையிலேயே எழுதப்பட்டிருந்தது. அந்த வரி மக்களிடம் சேரவில்லை, அச்சம்தான் சேர்ந்தது.

தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்கத் தயாரான வழக்கறிஞர் தரப்பிடமிருந்து வேக்ஃபீல்டு பணம் பெற்றிருந்ததைப் பத்திரிகையாளர் பிரையன் டீர் 2004இல் வெளிக்கொணர்ந்தார். அதே ஆண்டு சக ஆய்வாளர்களில் 10 பேர் கட்டுரையின் விளக்கத்திலிருந்து விலகிக்கொண்டனர். 2010 பிப்ரவரியில் லான்செட் கட்டுரையை முழுமையாகத் திரும்பப் பெற்றது. மே மாதத்தில் பிரிட்டன் மருத்துவர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

ஆனால் மேற்கோள்கள் நிற்கவில்லை. அக்கட்டுரையைக் குறிப்பிட்ட 1,153 எழுத்துகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றில் சுமார் 73 விழுக்காடு அதை எதிர்மறையாகவே குறிப்பிட்டன என்று கண்டறிந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு இது பெரும் சாதனையாகத் தெரியும். உள்ளே படித்தால் பெரும்பாலும் மறுப்புதான்.

அதே 2019இல் டென்மார்க் ஆய்வாளர்கள் 6,57,461 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து, எம்.எம்.ஆர் ஊசியால் ஆட்டிசம் ஏற்படும் அபாயம் கூடவில்லை என்று அறிவித்தனர்.

விலை கொடுத்தது யார்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் வாழும் சோமாலிய முஸ்லிம் குடும்பங்களிடையே இந்த அச்சம் பரப்பப்பட்டது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட பிறகு வேக்ஃபீல்டே அங்கு சென்று பெற்றோரைச் சந்தித்தார். அம்மாநிலத்தில் 2004இல் 92 விழுக்காடு சோமாலியக் குழந்தைகள் 2 வயதுக்குள் எம்.எம்.ஆர் ஊசி பெற்றிருந்தனர். 2014இல் அது 42 விழுக்காடாகச் சரிந்தது. 2017இல் அங்கு 75 பேரைத் தட்டம்மை தாக்கியது. பெரும்பாலோர் ஊசி போடாத சோமாலியக் குழந்தைகள். 20 பேருக்கு மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பின்னர் பள்ளிவாசல் இமாம்களும் சுகாதாரத் துறையினருடன் சேர்ந்து பெற்றோரிடம் பேச வேண்டியதாயிற்று. அதே ஆண்டு தமிழகத்தில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பெற்றோர் பலர் தயங்கியதும் நமக்கு நினைவிருக்கும்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. கேட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் எம்.ஆர்.என்.ஏ குறித்து 2005இல் வெளியிட்ட கட்டுரையை அப்போது பெரிதாக எவரும் கவனிக்கவில்லை. கோவிட் தடுப்பூசிகளுக்கு அதுவே அடித்தளமானது. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மேற்கோள் குவிவதால் ஒரு கருத்து உண்மையாகிவிடாது, குறைவாக இருப்பதால் பொய்யாகியும்விடாது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

1. அந்தக் கட்டுரை இன்னும் நிலைத்திருக்கிறதா? 'பப்மெட்' தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அங்கேயே குறிப்பிடப்பட்டிருக்கும்.

2. எத்தனை பேரிடம் ஆய்வு நடந்தது? 12 பேரா, ஆயிரக்கணக்கானோரா?

3. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார்?

4. அவருடன் தொடர்பில்லாத பிற ஆய்வாளர்கள் செய்து பார்த்தபோதும் அதே முடிவு கிடைத்ததா?

5. அவர் பேசுவது தமது துறையைப் பற்றித்தானா? இதய மருத்துவத்தில் 300 கட்டுரைகள் எழுதியவரின் சொல், புற்றுநோய் மருந்து விஷயத்தில் தானாகவே சான்றாகிவிடாது.

இவற்றுக்கு விடை தெரியாத செய்தியை நாம் யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. அதைக் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டி விளக்கம் கேட்கலாம். பிள்ளைக்கு ஊசி போடும் நாளை, ஒரு பெயருக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம்.