குதிரை மருத்துவமும் சட்டம் வகுத்த எல்லையும்

பெங்களூரில் பந்தயக் குதிரைகளும், சவாரிப் பள்ளிக் குதிரைகளும், திருமண ஊர்வலத்தில் வண்டி இழுக்கும் குதிரைகளும் உள்ளன. இவற்றிற்கு நோய் கண்டால், முதலில் கைவைக்க நேர்பவர் பெரும்பாலும் குதிரைக்காரரோ கால்நடை உதவியாளரோ ஆவார். அவர் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டம் இவ்வெல்லையை வரையறுக்கிறது. இதன் 30ஆம் பிரிவின்படி, பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவத் தொழில் செய்யலாம். உடல்நலச் சான்றிதழில் கையொப்பமிடும் உரிமையும் அவருக்கே உண்டு. எனினும், மாநில அரசு ஆணையிட்டால், உரிய சான்றிதழ் பெற்ற உதவியாளர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில், தடுப்பூசி போடுதல், காயடித்தல், புண்ணுக்குக் கட்டுப்போடுதல் போன்ற சிறு உதவிகளைச் செய்யலாம்.

இவ்வேற்றுமை ஏன் தேவை? சூலை எனப்படும் வயிற்றுவலியே தக்க சான்றாகும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. எனவே இரைப்பையில் வாயுவும் நீரும் தேங்கினால், அது வெடித்துவிடவும் கூடும். மூக்கின் வழியே குழாய் செலுத்தி அவற்றை வெளியேற்றுவது மருத்துவரின் பணி. விவரமறியாதவர் புட்டியால் எண்ணெய் புகட்டினால், அது மூச்சுக்குழலில் புகுந்து நுரையீரலைக் கெடுக்கலாம். வலி தணிக்கும் மருந்தோ, குடல் முறுக்கின் அறிகுறிகளை மறைத்து, அறுவை செய்ய வேண்டிய நேரத்தை வீணாக்கிவிடும்.

மருத்துவர்க்கும் பயிற்சிக் குறை உண்டு. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மாடுகள் சுமார் 19 கோடி. குதிரைகளோ சுமார் 3.4 லட்சமே. கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, ஓராண்டுப் பயிற்சி உட்பட ஐந்தரை ஆண்டுகள் நீடிப்பினும், மாணவர் குதிரையைத் தொட்டுப் பழகும் வாய்ப்பு குறைவே. 1958இல் தொடங்கிய ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரி, பந்தயக் குதிரைகள் உள்ள நகரிலேயே அமைந்திருப்பது ஒரு வசதி எனலாம். ஆயினும், விலையுயர்ந்த குதிரையைக் கற்பவர் கையில் ஒப்படைக்க உரிமையாளர் தயங்குவது இயல்பே. ஆதலின், தேர்ந்த மருத்துவருடன் உடனிருந்து கற்கும் பயிற்சியே இக்குறையை நீக்கவல்லது.

களப்பணியாளர் செய்யத்தக்கவை பல. சூலை கண்டவுடன் தீனியை நிறுத்துக, நோய் தொடங்கிய நேரத்தையும், சாணம் போட்டதா என்பதையும் குறித்துக்கொள்க, நாடியை எண்ணுக. ஓய்விலுள்ள வளர்ந்த குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு; 60ஐத் தாண்டினால் நிலைமை கடுமையானது. இவ்விவரங்களுடன் மருத்துவரை உடனே அழைத்தலே குதிரையின் உயிரையும், அதை நம்பி வாழும் குடும்பத்தின் பிழைப்பையும் காக்கும் வழியாகும்.