படுக்கையருகே ஒரு வகுப்பறை

புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மயிலாப்பூரிலிருந்தும் தியாகராய நகரிலிருந்தும் எங்களிடம் வரும் மாணவர்களின் பெற்றோர் பலர் கேட்பது, "இந்த ஆண்டு வீணாகிவிடுமா, டாக்டர்?" என்பதே.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூஆர் குறியீடு உள்ளது. கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் பாடக் காணொளி திறக்கும். 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் உண்டு. நேரலை வகுப்பைவிடப் பதிவுசெய்த பாடங்களையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். குமட்டல் வந்தால் நிறுத்தலாம், மறுநாள் தொடரலாம்.

கீமோதெரபிக்குப் பின் சில நாள்கள் கவனமும் நினைவாற்றலும் குறையக்கூடும். அது சோம்பல் அன்று, கடிந்துகொள்ளாதீர்கள். அந்நாள்களில் திரையை மூடிவிட்டு, அம்மா வாசிக்கக் கேட்டாலே போதும். (கணக்குப் பாடத்திற்கு இது உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறோம்.)

பள்ளிக்குரிய மருத்துவச் சான்றிதழைத் தேர்வு நெருங்கும்வரை காத்திராமல் இப்போதே எங்களிடம் கேளுங்கள்.