ஈரடிப்பு இயந்திரமும் காபுரேற்றரும்

கொட்டியாரக்குடாவிற் செல்லும் மீன்படகின் வெளியிணைப்பு இயந்திரமும், இலேசான வானூர்திகள் சிலவற்றின் ஈரடிப்பு இயந்திரமும் ஓரினத்தனவே. எண்ணெயை எரிபொருளிற் கலந்தூற்றும் இயந்திரங்களில் அக்கலவையே பிஸ்ரனுக்கு மசகுமாகும். எனவே காபுரேற்றரில் எரிபொருள் குறையின் மசகுங் குறையும்; வெப்பம் மிகும்; ஈற்றிற் பிஸ்ரன் இறுகிவிடும்.

இயந்திரம் தடுமாறின் நாம் முதலிற் பிளக்கைக் கழற்றி நோக்குதல் வேண்டும். வெண்மை எரிபொருட் குறைவையும், ஈரக் கருமை மிகையையும், இளங்கபிலம் நன்னிலையையுங் காட்டும். முழுவேகத்திற் குறைவு தோன்றின் கலவைத் திருகாணியைத் திருகிப் பயனில்லை. அது மெல்லோட்டத்துக்கே உரியது. வடி, மிதவையறை, பிரதான ஜெற் என்பவற்றில் நீரும் தூசும் உளவோவென ஆராய்வோம். ஜெற்றைக் கம்பியாற் குத்தலாகாது; துளை பெருத்துவிடும். காற்றால் ஊதுதலே தகும்.

வானிலும் கடலிலும் நின்ற இயந்திரத்தை விட்டு இறங்கி நடக்க வழியில்லை. ஆதலின் இச்சோதனையைக் கரையிலேயே முடித்தல் அறிவுடைமையாம்.