ரூபாயின் மாற்று விகிதமும் பருத்தி விலையும்

பருத்தி விலை ஏறுவதும் இறங்குவதும் மழையையும் காய்ப்புழுவையும் பொறுத்தது என்பது விவசாயிகளுக்குத் தெரியும். ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கும் அந்த விலையில் அடங்கியிருக்கிறது. இதற்கு அன்னியச் செலாவணி மாற்று விகிதம் என்று பெயர். இந்த விகிதம் மாறும்போதெல்லாம் கொங்கு நாட்டுக் காடு தோட்டங்களிலும் அதன் பலன் தெரிந்தே வந்திருக்கிறது.

ஒன்றரை ஷில்லிங் ரூபாய்

முதல் உலகப் போருக்கு முன்பு ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது விகிதம். அதாவது, ஒரு ஸ்டெர்லிங் பவுனுக்கு 15 ரூபாய். 1927-ல் ஆங்கில அரசு இதை 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டமாக்கியது. பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பை ஆயிற்று.

ரூபாயின் மதிப்பு உயர்ந்தால் நல்லதுதானே என்று தோன்றும். உதாரணமாக, வெளிநாட்டுச் சந்தையில் 10 பவுன் விலை போகும் பருத்தியை எடுத்துக்கொள்வோம். பழைய விகிதத்தில் அதற்கு 150 ரூபாய் கிடைக்கும். புதிய விகிதத்தில் 133 ரூபாய்தான். ஒன்பதில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. ஆனால் நிலக் கிஸ்தியும் கடனுக்கு வட்டியும் ரூபாயில் நிர்ணயிக்கப்பட்டவை. அவை ஒரு அணாகூடக் குறையவில்லை. இதனால்தான் விகிதத்தை ஆராய்ந்த ஹில்டன் யங் கமிஷனில் அங்கம் வகித்த சர் புருஷோத்தம்தாஸ் தாகுர்தாஸ் 1 ஷில்லிங் 4 பென்ஸே இருக்க வேண்டும் என்று தனிக் குறிப்பு எழுதினார். அது ஏற்கப்படவில்லை.

1929-க்குப் பின் உலக மந்தம் வந்து விளைபொருள் விலை சரிந்தபோது விவசாயிகளின் கடன் சுமை மேலும் கனத்தது. அந்தச் சுமையைக் குறைக்க 1938-ல் சென்னை மாகாணத்தில் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பாகிஸ்தான் பருத்தி

1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவும் உடன் குறைத்தது. 3 ரூபாய் 30 காசு அளவில் இருந்த டாலர் 4 ரூபாய் 76 காசு ஆயிற்று. பாகிஸ்தான் மட்டும் தன் ரூபாயைக் குறைக்க மறுத்தது. அதுவரை சமமாக இருந்த இரு நாட்டு ரூபாய்களும் பிரிந்தன. 100 பாகிஸ்தான் ரூபாய் வாங்க 144 இந்திய ரூபாய் தேவைப்பட்டது.

நாட்டுப் பிரிவினையில் நல்ல இழைப் பருத்தி விளையும் மேற்குப் பஞ்சாபும் சிந்துவும் பாகிஸ்தான் பக்கம் போயிருந்தன. மில்களில் பெரும்பாலானவை இந்தியாவில் இருந்தன. புதிய விகிதத்தை இந்தியா 1951 பிப்ரவரி வரை ஏற்கவில்லை. இரு நாட்டு வியாபாரமும் முடங்கியது. உள்நாட்டிலேயே நீண்ட இழைப் பருத்தி விளைவிப்பது கட்டாயமாயிற்று. கம்போடியா, உகாண்டா பருத்திகளை இணைத்துக் கோவையில் உருவாக்கப்பட்ட எம்.சி.யு. ரகங்களுக்கு இதனால் மதிப்பு கூடியது. 1968-ல் வெளியான எம்.சி.யு. 5 அவற்றில் பெயர் பெற்றது. பாகிஸ்தான் 1955-ல்தான் தன் ரூபாயைக் குறைத்தது.

செலவுப் பக்கம்

1966 ஜூன் 6-ம் தேதி டாலர் ஒரே நாளில் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய் ஆயிற்று. 1,000 டாலருக்கு ஏற்றுமதி செய்தவருக்கு 4,760 ரூபாய்க்குப் பதில் 7,500 ரூபாய். அதேபோல் 1,000 டாலர் உரத்தை இறக்குமதி செய்யவும் 7,500 ரூபாய். அப்போது மத்திய உணவு, விவசாய அமைச்சராக இருந்தவர் பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். வீரிய ரகங்களும் ரசாயன உரமும் பரவத் தொடங்கிய காலம் அது. அவர் நிதி அமைச்சராக இருந்த 1975-ல் ரூபாய் பவுனிலிருந்து விடுவிக்கப்பட்டுப் பல நாணயங்களின் தொகுப்போடு இணைக்கப்பட்டது.

1991 ஜூலையில் மீண்டும் மதிப்புக் குறைப்பு நடந்தது. டாலர் சுமார் 21 ரூபாயிலிருந்து 26 ரூபாய்க்குப் போயிற்று. 1993 முதல் விகிதத்தைச் சந்தையே தீர்மானிக்கிறது. 2013 ஆகஸ்டில் 68 ரூபாயையும் 2022 அக்டோபரில் 83 ரூபாயையும் டாலர் தொட்டது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

விற்கும் பொருளையும் வாங்கும் பொருளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். மில்காரர் பருத்தி வாங்கும்போது, வெளிநாட்டுப் பருத்தி வந்து சேரும் விலையோடு ஒப்பிடுகிறார். கிலோ ஒன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால், டாலர் 80 ரூபாயாக இருக்கையில் அது 120 ரூபாய். 85 ஆனால் 127 ரூபாய் 50 காசு. உள்ளூர்ப் பருத்திக்கு அந்த அளவு விலை கூட இடம் உண்டு. இறக்குமதி வரி மாறினால் இந்தக் கணக்கும் மாறும். தென்னை விவசாயிகளுக்கு இதே ஒப்பீடு பாமாயிலோடு.

செலவுப் பக்கத்தில் பொட்டாஷ் முக்கியமானது. நாட்டின் தேவை இறக்குமதியையே நம்பியிருப்பதால் ரூபாய் இறங்கினால் மூட்டை விலை ஏற வாய்ப்புண்டு. டீசலும் அப்படியே. யூரியாவின் விற்பனை விலையை அரசு நிர்ணயிப்பதால் அதில் உடனே மாற்றம் தெரியாது.

ஆகவே டாலர் ஏறுகிறது என்ற செய்தியைக் கண்டதும் பருத்தியை இருப்பு வைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. உலகச் சந்தை விலை அதே சமயம் இறங்கினால் லாபம் கரைந்துவிடும். வட்டிக்குக் கடன் வாங்கி இருப்பு வைப்பது இன்னும் ஆபத்து. நாளிதழில் வெளியாகும் டாலர் விகிதத்தையும் ஒழுங்குமுறை விற்பனைக் கூட விலையையும் வாரம் ஒரு முறை நோட்டில் குறித்து வந்தால், இரண்டு பருவத்தில் போக்கு பிடிபடும். பொட்டாஷ் தேவையை முன்கூட்டியே கணக்கிட்டு, மண் பரிசோதனைப்படி இட்டால் விலையேற்றத்தின் பாதிப்பு குறையும்.