மலைப்பாதை லாரிகளில் கியர்பாக்ஸ் பேரிங் சத்தம்

கையால் கியர் மாற்றப்படும் லாரிகளில், கியர்பாக்ஸின் தண்டுகளைத் தாங்கி நிற்கும் பேரிங்குகள் தேய்ந்தாலோ, அவற்றின் பரப்பு உதிர்ந்தாலோ, ஆயில் இல்லாமல் காய்ந்தாலோ எழும் ஓசை கியர்பாக்ஸ் பேரிங் சத்தம் எனப்படுகிறது. தொடக்கத்தில் மெல்லிய ஊளையாகக் கேட்கும் இது, நாளடைவில் கரகரப்பாகவும் உறுமலாகவும் மாறும். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிப்பது ஒரு நாளுக்குக் குறையாத வேலை. அதனால், எந்த நிலையில் சத்தம் வருகிறது, எந்த நிலையில் நின்றுபோகிறது என்று கவனித்துப் பழுதான பேரிங்கை முன்கூட்டியே அடையாளம் காணும் முறை பட்டறைகளில் வழக்கத்தில் உள்ளது.

நீலகிரி போன்ற மலை மாவட்டங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும், உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்குச் செல்லும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பாரம் ஏற்றிய லாரி இந்த ஏற்றத்தின் பெரும்பகுதியைக் கீழ் கியர்களிலேயே கடக்கிறது. இறக்கத்தில் கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, தேயிலை மூட்டைகளுடன் வரும்போதும் அதே கீழ் கியர்களில்தான், இன்ஜின் இழுவையைப் பிரேக்காகப் பயன்படுத்திக்கொண்டு இறங்க வேண்டும். தேய்ந்த பேரிங்கால் தண்டு ஆடத் தொடங்கினால் கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடக்கூடும். சமதளத்தில் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். இறக்கத்தில் அப்படி நேர்ந்தால் மொத்த எடையும் சக்கர பிரேக்குகள் மீது விழும். அவை சூடேறிப் பிடிமானம் இழந்தபின் ஓட்டுநர் கையில் எதுவும் மிச்சமிராது. பசுந்தேயிலை ஏற்றிய லாரி வழியில் நின்றுவிட்டால் வேறுவகை இழப்பு: மூட்டையில் அடைந்து கிடக்கும் இலை சூடேறிச் சிவந்து, தேயிலையின் தரம் கெட்டுவிடும்.

உள்ளே சுழல்பவை

இன்ஜினின் ஃப்ளைவீலிலிருந்து கிளட்ச் வழியாகச் சுழற்சியைப் பெறுவது இன்புட் ஷாஃப்ட். அதன் பல்லோடு எப்போதும் இணைந்து, கீழே சுழல்வது கவுண்டர் ஷாஃப்ட். இதையே லே ஷாஃப்ட் என்றும் சொல்வர். இன்புட் ஷாஃப்டின் நேர்கோட்டில் பின்னால் இருப்பது மெயின் ஷாஃப்ட். இதன் பின்முனையிலிருந்துதான் புரொப்பல்லர் ஷாஃப்ட் தொடங்குகிறது. மெயின் ஷாஃப்டின் முன்முனை, இன்புட் ஷாஃப்டின் குழிவுக்குள் ஒரு சிறு பேரிங்கில் அமர்ந்திருக்கும். மெயின் ஷாஃப்டின் மேலுள்ள ஒவ்வொரு கியரும் ஊசி உருளை பேரிங்கில் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். கியர் போடும்போது அந்த ஒரு கியர் மட்டும் தண்டோடு பூட்டிக்கொள்ளும்.

இவை தவிர, பெட்டிக்கு வெளியே இரண்டு பேரிங்குகள் உண்டு. ஒன்று, கிளட்ச் பெடலை மிதிக்கும்போது வேலை செய்யும் ரிலீஸ் பேரிங். மற்றொன்று, ஃப்ளைவீலின் நடுவில் இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங். கியர்பாக்ஸ் சத்தம் என்று சொல்லிப் பட்டறைக்கு வரும் வண்டிகளில் குற்றவாளி இவ்விரண்டில் ஒன்றாக இருப்பதும் உண்டு.

நின்ற நிலைச் சோதனை

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே இச்சோதனையைத் தொடங்க வேண்டும். இன்ஜின் ஓடுகையில் வண்டிக்கு அடியில் ஆள் இருக்கும்போது கியர் போட்டுப் பார்ப்பது கூடாது.

முதலில் நியூட்ரலில், பெடலை மிதிக்காமல் இன்ஜினை ஓடவிட வேண்டும். இப்போது இன்புட் ஷாஃப்டும் கவுண்டர் ஷாஃப்டும் சுழல்கின்றன. மெயின் ஷாஃப்ட் நிற்கிறது. இந்த நிலையில் கேட்கும் உறுமல், பெடலை முழுதாக மிதித்துச் சில நொடிகளில் தேய்ந்து நின்றுபோனால், இன்புட் ஷாஃப்ட் பேரிங் அல்லது கவுண்டர் ஷாஃப்ட் பேரிங் மீது சந்தேகம் கொள்ளலாம்.

மாறாக, பெடலை லேசாகத் தொட்டதுமே சத்தம் தொடங்கினால் அது ரிலீஸ் பேரிங். சில லாரிகளில் ரிலீஸ் பேரிங் எப்போதும் கிளட்ச் விரல்களைத் தொட்டபடியே சுழலும். அவற்றில் சத்தம் புதிதாகத் தோன்றாது, பெடலை அழுத்தும்போது அதன் தன்மை மாறும். பெடலை முழுதாக மிதித்துக் கியர் போட்டு வண்டி நிற்கும்போது மட்டும் கீச்சென்ற ஒலி வந்தால் பைலட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். ஃப்ளைவீல் சுழன்றுகொண்டிருக்க, இன்புட் ஷாஃப்ட் அசையாமல் நிற்கும் நிலை அது. கிளட்ச் இணைந்திருக்கும்போது இரண்டும் ஒன்றாகச் சுழல்வதால் பைலட் பேரிங் வாய் திறப்பதில்லை.

ஐடிலிங் வேகத்தில் மட்டும் கடகடவென்று கேட்டு, ஆக்சிலேட்டரைச் சற்று அழுத்தியதும் மறைந்துவிடும் ஒலி பெரும்பாலும் பேரிங் சத்தமே அல்ல. இன்ஜினின் துடிப்பில் கியர் பற்கள் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வது அது. அந்த நிலையில் கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங்குகளைச் சோதிப்பதே சரி.

ஓட்டிப் பார்த்தல்

பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் ஒரு கியர் நேரடி கியராக இருக்கும். அதில் இன்புட் ஷாஃப்டும் மெயின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ள, சுமை கவுண்டர் ஷாஃப்ட் வழியே போகாது. மற்ற கியர்களில் உறுமும் பெட்டி நேரடி கியரில் அமைதியானால், கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்குகளோ இன்புட் ஷாஃப்டின் குழிவிலுள்ள சிறு பேரிங்கோ காரணம். ஒரே ஒரு கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்தக் கியரின் பற்களைப் பார்க்க வேண்டும். ஒரு கியரில் மட்டும் சத்தம் நின்று மற்றவற்றில் கேட்டால் நிலைமை தலைகீழ்: அந்தக் கியரின் ஊசி உருளை பேரிங் தேய்ந்திருக்கலாம், ஏனெனில் பூட்டிய கியர் தன் பேரிங்கின்மேல் சுழல்வதில்லை.

மலையில் இதுதான் சிக்கல். குன்னூர் ஏற்றத்தில் பாரத்துடன் செல்லும் லாரி நேரடி கியரைத் தொடுவதே அரிது. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பில்லாமல் ‘ஏறும்போதெல்லாம் கத்துகிறது’ என்ற ஒற்றைப் புகாருடன் வண்டி வந்து நிற்கும். மேட்டுப்பாளையத்துக்குக் கீழே சமவெளிச் சாலையில் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்வது வீண் செலவைத் தவிர்க்கும்.

மலைப்பாதை தரும் தகவல்களும் உண்டு. கியர் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், இழுக்கும்போது தண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது. இறக்கத்தில் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றும்போது எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. பேரிங்கின் அசையாத வெளி வளையத்தில் சுமை விழும் இடமும் அதற்கேற்ப மாறுகிறது. வளையத்தின் ஒரு பகுதி மட்டும் உதிர்ந்திருந்தால் ஏற்றத்தில் மட்டுமோ இறக்கத்தில் மட்டுமோ சத்தம் வருவது இதனால்தான். இறக்கத்தில் மட்டும் ஊளையிட்டு, கூடவே கியர் நெம்புகோலும் அதிர்ந்தால், அடுத்த பயணம் வரை தள்ளிப்போடக் கூடாது.

கொண்டை ஊசி வளைவுகள் இன்னொரு சந்தேகத்தைத் தீர்க்கும். வலப்பக்கம் திரும்புகையில் சுமை இடப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும். அப்போது சத்தம் கூடி, இடப்பக்கம் திரும்புகையில் குறைந்தால் அது இடப்பக்க வீல் பேரிங்; கியர்பாக்ஸுக்கு அதில் பங்கில்லை. சென்டர் பேரிங், டிஃபரன்ஷியல் ஆகியவற்றின் ஒலியும் சேசிஸ் வழியே கேபினுக்கு ஏறி வந்து ஏமாற்றும். சமதளத்தில் மெதுவாக ஓடும்போது நியூட்ரலுக்கு மாற்றி, சத்தம் இன்ஜின் வேகத்தோடு போகிறதா, வண்டியின் வேகத்தோடு போகிறதா என்று கவனிக்க வேண்டும். வண்டியின் வேகத்தோடு போனால் மெயின் ஷாஃப்டின் பின் பேரிங் அல்லது அதற்குப் பின்னால் உள்ளவை. இந்தச் சோதனையை மலை இறக்கத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது.

ஆயில் சொல்லும் சேதி

சூடான ஆயிலை வடித்து, வடிகால் போல்ட்டின் காந்தத்தைத் துடைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மை போன்ற சாம்பல் நிறப் பசை இயல்பான தேய்மானம். விரலில் நெருடும் பளபளப்பான செதில்கள் பேரிங் அல்லது பல் உதிர்வதன் அடையாளம். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள்கள் சிங்க்ரோ வளையத்திலிருந்தோ பேரிங்கின் பித்தளைக் கூண்டிலிருந்தோ வந்திருக்கும். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் புகுந்துள்ளது. மழையும் மூடுபனியும் மிகுந்த இடங்களில் மூச்சுக்குழலின் மூடியைச் சரிபார்ப்பது நல்லது.

ஆயில் அளவைப் பார்ப்பதற்குச் சமமான தரை தேவை. சரிவில் நிறுத்திய லாரியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி, குறைந்திருந்தும் நிறைந்ததுபோல் தோன்றும். ஏற்றத்தில் லாரியின் முகம் மேலே நிமிர்ந்திருப்பதால் ஆயில் பின்பக்கம் தேங்கும். அளவு குறைவான பெட்டியில் முன் பேரிங்தான் முதலில் காய்கிறது.

டிசம்பர், ஜனவரியில் உதகை உறைபனியில் இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் தடித்துப்போயிருக்கும். தடித்த ஆயில் தளர்ந்த பேரிங்கின் ஒலியை அமுக்கிவிடும். சூடேறி நீர்த்த பிறகே உண்மை வெளிவரும். ஆகவே குளிர்ந்த நிலையிலும், ஒரு நடை ஓடி வந்த பிறகும் இருமுறை கேட்க வேண்டும். பழைய வண்டியை விற்பவர்கள் கியர்பாக்ஸில் மரத்தூள் போட்டுச் சத்தத்தை அடக்குவார்கள் என்று பல நாடுகளில் சொல்லப்படும் கதைக்குப் பின்னாலும் இதே தத்துவம்தான் உள்ளது.

பேரிங் கெடுவதற்கான காரணங்கள்

சுவீடனைச் சேர்ந்த லுண்ட்பெரி, பால்ம்கிரென் ஆகியோர் 1947-இல் வெளியிட்ட கணக்கின்படி, குண்டு பேரிங்கின் ஆயுள் அதன் மீதான சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. சுமை 25 சதவீதம் கூடினால் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். இருமடங்கானால் எட்டில் ஒரு பங்காகும். அதிகப் பாரம் ஏற்றிய லாரி ஏற்றத்தில் கீழ் கியரிலேயே நெடுநேரம் முக்குவதன் விலை இங்கே தெரியும்.

டீசலை மிச்சப்படுத்த இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குவது இன்னும் மோசம். பெரும்பாலான பெட்டிகளில் ஆயிலை மேலே வாரி இறைப்பது கவுண்டர் ஷாஃப்ட்தான். இன்ஜின் நின்றால் அது நிற்கும். மெயின் ஷாஃப்டோ சக்கரங்களோடு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். ஆயில் கிடைக்காத பேரிங்குகள் நீலம் பாயும் அளவுக்குச் சூடேறும். பிரேக்குக்கான காற்றை நிரப்பும் கம்ப்ரஸரும் அப்போது ஓடாது என்பது தனிக் கதை. பழுதான லாரியைக் கட்டி இழுக்கும்போது புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிடச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

பிரித்த பிறகு

நீண்ட ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதருகே வைத்து, முனையைக் கியர்பாக்ஸ் உறையின் பேரிங் இருக்கும் இடங்களில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பது பழைய வழக்கம். ஆனால் வார்ப்பு உறை ஒலியை எங்கும் பரப்பும் என்பதால், இதை உறுதிப்படுத்தும் சான்றாக மட்டுமே கொள்ளலாம். பெட்டியைப் பிரித்தபின், கெட்ட பேரிங்கை மட்டும் மாற்றி மூடுவது அரைகுறை வேலை. அதிலிருந்து உதிர்ந்த இரும்புச் செதில்கள் ஆயிலோடு மற்ற பேரிங்குகளுக்கும் போயிருக்கும். எல்லாவற்றையும் கழுவி, வெளி வளையங்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கூம்பு உருளை பேரிங்குகளாக இருந்தால் ஷிம் வைத்துத் தண்டின் ஆட்டத்தை டயல் கேஜால் தயாரிப்பாளர் தந்த அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கப்பட்ட புதிய பேரிங், ஆட்டம் கண்ட பழையதைவிட விரைவில் சத்தமிடத் தொடங்கும்.