கில்ட் போர்வை

கில்ட் என்பது மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூன்றையும் ஊடுருவிச் செல்லும் தையலால் பிணைத்துச் செய்யப்படும் போர்வை ஆகும். பல வண்ணத் துணித்துண்டுகளை ஒட்டுப் போட்டுத் தைத்த போர்வைகளே இப்பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஒட்டு வேலை கில்ட்டுக்குக் கட்டாயமான இலக்கணம் அன்று. ஒரே துணியாலான மேற்புறம் கொண்டதாயினும், மூன்று அடுக்குகளும் தைத்துப் பிணைக்கப்பட்டிருந்தால் அது கில்ட்டே ஆகும். வட இந்தியாவின் ரஜாய் இவ்வகையைச் சார்ந்தது. வங்காளத்தின் காந்தா இதற்கு நெருங்கிய உறவு எனலாம். பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத்தையல் இட்டுச் செய்யப்படும் அதில் பொதுவாகப் பஞ்சு இராது.

கையால் செய்யப்படும் கில்ட்டுகள் இன்று மிகுதியாகக் காணப்படுவது ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆகும். குழந்தைப் பிறப்பு, திருமணம் முதலியவற்றுக்குப் பரிசாகத் தருவதுடன், போரில் ஈடுபட்ட படைவீரர்களுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் கில்ட் செய்து அளிக்கும் வழக்கம் அங்கு 2003 ஆம் ஆண்டுக்குப் பின்னர் பெரிதும் பரவியுள்ளது.

வரலாறு

மெத்தை, திண்டு ஆகியவற்றைக் குறிக்கும் "குல்கிட்டா" என்னும் இலத்தீன் சொல்லே பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்தில் கில்ட் என ஆயிற்று. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய கில்ட்டுகளில் ஒன்று 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்யப்பட்டது. டிரிஸ்டன் என்னும் வீரனின் கதைக் காட்சிகள் அதில் புடைப்புத் தையலாக அமைந்துள்ளன. அதன் பகுதிகள் இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் புளோரன்சின் பார்கெல்லோ அருங்காட்சியகத்திலும் உள்ளன.

போருக்கும் கில்ட்டுக்கும் உள்ள தொடர்பு பெண்கள் செய்து ஆண்களுக்கு அனுப்பியது என்ற அளவில் முடிந்துவிடுவதன்று. கிரிமியப் போரின்போது (1853-1856) காயமுற்ற பிரித்தானிய வீரர்கள் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே தாமும் கில்ட் தைத்தனர். சீருடைக்குரிய கனத்த கம்பளித் துணியின் சிறு துண்டுகளே அவற்றின் மூலப்பொருள். அத்தகைய வீரர் ஒருவர் படுக்கையில் அமர்ந்து தைப்பதை தாமஸ் வுட் என்னும் ஓவியர் 1856 இல் வரைந்துள்ளார்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-1865) வடபகுதிப் பெண்கள் சுகாதார ஆணையம் என்னும் தொண்டு அமைப்பின் வழியாகப் படைக்கு ஏராளமான கில்ட்டுகளை அனுப்பினர். அவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. பெரும்பாலானவை பயன்பாட்டிலேயே நைந்து போயின. சில, இறந்தவர்களுடன் புதைக்கப்பட்டன. முதல் உலகப் போரில் வேறொரு முறை தோன்றியது. சிறு தொகை செலுத்துவோரின் பெயரைக் கில்ட்டில் பூத்தையலிட்டு, அவ்வாறு திரட்டிய பணத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அளித்தனர்.

1942 இல் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் சப்பானியரால் அடைத்து வைக்கப்பட்ட பெண்கள் செய்த மூன்று கில்ட்டுகள் தனித்துக் குறிப்பிடத்தக்கவை. ஒவ்வொரு பெண்ணும் ஒரு சதுரத் துணியில் தன் பெயரையும் ஒரு படத்தையும் தைத்தாள். ஆண்கள் வேறு பகுதியில் அடைக்கப்பட்டிருந்ததால், தாம் உயிருடன் இருப்பதைக் கணவன்மாருக்குத் தெரிவிக்க இச்சதுரங்கள் உதவின. இவற்றுள் இரண்டு ஆசுத்திரேலியப் போர் நினைவகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

வீரர்களுக்கான கில்ட்டுகள்

2003 இல் டெலவேர் மாநிலத்தைச் சேர்ந்த கேத்தரின் இராபர்ட்ஸ் என்பவர், தம் மகன் ஈராக்கில் படைப்பணியில் இருந்தபோது, "குவில்ட்ஸ் ஆப் வேலர்" (வீரத்தின் கில்ட்டுகள்) என்னும் இயக்கத்தைத் தொடங்கினார். அவ்வாண்டு நவம்பரில் வாசிங்டனில் இருந்த வால்டர் ரீட் படைத்துறை மருத்துவமனையில், ஈராக்கில் காலை இழந்த இளம் வீரர் ஒருவருக்கு முதல் கில்ட் அளிக்கப்பட்டது. (அம்மருத்துவமனை 2011 இல் மூடப்பட்டு அதன் பணிகள் வேறிடங்களுக்கு மாற்றப்பட்டன.) அதன் பின்னர் இவ்வியக்கம் அளித்த கில்ட்டுகளின் எண்ணிக்கை மூன்று இலட்சத்தைத் தாண்டியுள்ளது. கனடாவில் இதை ஒத்த அமைப்பு 2006 இல் எட்மன்டன் நகரில் தோன்றியது.

இதன் வெற்றிக்குத் துணிவகையோ வடிவமோ காரணம் அன்று. வேலையைப் பங்கிட்ட முறையே காரணம் எனலாம். துண்டுகளை வெட்டி ஒட்டி மேல்துணியைத் தைப்பது பலருக்கு விருப்பமான வேலை. மூன்று அடுக்குகளையும் சேர்த்துத் தைப்பது கடினம். கூலிக்குக் கொடுத்தாலும் செலவு மிகும். எனவே தைத்து முடித்த மேல்துணிகள் அலமாரிகளில் ஆண்டுக்கணக்காக மடித்தபடியே கிடப்பது கில்ட் செய்வோரிடையே நன்கு அறியப்பட்ட ஒன்று. இவ்வியக்கம் மேல்துணி தைப்பவரையும், "லாங் ஆர்ம்" எனப்படும் நீண்ட கைப்பொறி வைத்திருப்பவரையும் இணைத்து வைத்தது. பொறி வைத்திருப்பவர் தம் உழைப்பைக் கொடையாகத் தருவதால், அலமாரியில் முடங்கவிருந்த துணி ஒருவரின் தோளைச் சென்றடைகிறது.

இக்கில்ட் "கொடுக்கப்படுவது" இல்லை, பதக்கம் போல "வழங்கப்படுவது" என்று அமைப்பினர் வலியுறுத்துகின்றனர். இதைச் சொல் விளையாட்டு என்று தள்ளிவிட இயலாது. உதவி பெறுபவராகக் கருதப்படுவதை விரும்பாத முன்னாள் வீரர்கள் பலர் உள்ளனர். 1975 இல் முடிந்த வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் பலர், தம் நாட்டிலேயே வரவேற்பின்றி, சில இடங்களில் வெறுப்புடன் எதிர்கொள்ளப்பட்டனர். முதுமையில் அவர்களுக்கு ஒரு கில்ட் வழங்கப்படும்போது, அதை மடித்துக் கையில் தருவதில்லை. விரித்துத் தோளைச் சுற்றிப் போர்த்துகின்றனர். போர்வை மருத்துவம் அன்று. போரின் மனக்காயங்களுக்கு முறையான சிகிச்சை வேண்டும். இருப்பினும் முன்பின் அறியாத ஒருவர் பல நாட்கள் உழைத்துச் செய்த பொருள் என்பதன் மதிப்பு தனியானது.

அளவும் துணியும்

வீரர்களுக்கான கில்ட்டின் விரும்பத்தக்க அளவு 60 அங்குல அகலமும் 80 அங்குல நீளமும் ஆகும். உயரமானவரும் கால் மூடப் போர்த்திக்கொள்ளலாம். சக்கர நாற்காலியிலும் பயன்படுத்தலாம். 10 அங்குலக் கட்டங்களாகச் செய்தால் அகலத்தில் 6, நீளத்தில் 8 என 48 கட்டங்கள் தேவைப்படும்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே ஏற்றது. புதுத்துணியை வெட்டுமுன் அலசிக் காயவைப்பது நன்று. சிவப்பும் கருநீலமும் வெள்ளையுடன் சேரும் கில்ட்டில் இது மிகவும் தேவை. அமெரிக்கக் கொடியின் நிறங்கள் என்பதால் வீரர்களுக்கான கில்ட்டுகளில் இச்சேர்க்கையே மிகுதி. 1960களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட மதராஸ் கட்டத்துணியில் சாயம் கசிவதே அழகு என விளம்பரம் செய்யப்பட்டது. கில்ட்டில் அதே கசிவு முழு உழைப்பையும் கெடுத்துவிடும்.

மேல்துணி

துண்டுகளை இணைக்கும்போது தையலுக்கென ஒவ்வோர் ஓரத்திலும் கால் அங்குலம் விடப்படுகிறது. ஆகவே தைத்தபின் 2 அங்குலம் இருக்க வேண்டிய சதுரத்தை 2½ அங்குலமாக வெட்ட வேண்டும். "ஒன்பது ஒட்டு" எனப்படும் எளிய கட்டத்தில் அத்தகைய 9 சதுரங்கள் மூன்று வரிசைகளாகத் தைக்கப்படுகின்றன. கட்டம் 6½ அங்குலமாக வந்து, அடுத்த கட்டத்துடன் இணைந்தபின் 6 அங்குலமாக நிற்கும்.

இக்கால் அங்குலத்தில் பிழை நேர்ந்தால் அது பெருகும். தையல் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப் போனால், இருபுறத் துணியிலுமாக 1/8 அங்குலம் குறைகிறது. ஒரு வரிசையில் 12 தையல்கள் இருந்தால் குறைவு 1½ அங்குலம். இன்னொரு வரிசை சரியாகத் தைக்கப்பட்டிருப்பின் இரண்டும் பொருந்தா. தொடக்கத்தில் ஒரே ஒரு கட்டம் தைத்து அளந்து பார்ப்பது இதனால்தான். தையலை இஸ்திரி செய்யும்போது பெட்டியைத் தேய்த்து இழுக்காமல், வைத்து எடுக்க வேண்டும். இழுத்தால் பாவும் ஊடையும் கோணிவிடும்.

அடுக்குதலும் ஊடு தையலும்

அடித்துணி மேல்துணியைவிட ஒவ்வொரு புறமும் 4 அங்குலம் பெரிதாக, அதாவது 68 அங்குலத்துக்கு 88 அங்குலமாக இருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் துணியின் பயன்படும் அகலம் சுமார் 42 அங்குலமே ஆதலால், 88 அங்குல நீளமுள்ள இரு துண்டுகளை நெடுக்காக இணைக்க வேண்டியுள்ளது. இதற்குச் சுமார் 5 கசம் துணி செல்லும். இணைக்குமுன் கரைப்பகுதியை வெட்டி நீக்க வேண்டும். நெருங்கிய நெசவுள்ள கரை துணியைச் சுருக்கி இழுக்கும்.

அடித்துணியைத் தரையில் இறுக்கமாக விரித்து, அதன்மேல் பஞ்சு விரிப்பையும் மேல்துணியையும் பரப்பி, உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றாக ஊக்குகள் குத்தப்படுகின்றன. கையால் தைப்போர் ஊக்குக்கு மாற்றாக நீண்ட இழையோட்டம் இடுவர். பின்னர் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தைக்க வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவில் திரண்டு மடிப்பு விழும்.

கைத்தையலில் சட்டத்தில் துணியைப் பூட்டி, விரலுறை அணிந்து, ஊசியை மேலும் கீழுமாக அசைத்து ஒரே முறையில் சில தையல்கள் எடுக்கப்படுகின்றன. நூலின் முடிச்சை மெல்லச் சுண்டி இழுத்துப் பஞ்சுக்குள் மறைப்பர். வீட்டுத் தையல் பொறியில் துணி நகரும், பொறி அசையாது. லாங் ஆர்ம் பொறியிலோ துணி உருளைகளில் பூட்டப்பட்டிருக்க, தைக்கும் தலைப்பகுதி தண்டவாளத்தில் நகரும். எம்முறையாயினும் தையல் வரிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி விடலாம் என்பது பஞ்சின் வகையைப் பொறுத்தது. அந்த எல்லை பஞ்சு உறையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அதை மீறினால் சில சலவைகளிலேயே பஞ்சு பிரிந்து கட்டியாகத் திரளும்.

ஓரப்பட்டி

கில்ட்டில் முதலில் நைந்து போவது ஓரமே. எனவே ஓரப்பட்டி இரட்டை மடிப்பாக அமைய வேண்டும். 60க்கு 80 அளவுள்ள கில்ட்டின் சுற்றளவு 280 அங்குலம். 2½ அங்குல அகலத்தில் 42 அங்குல நீளமுள்ள 7 பட்டிகளை வெட்டினால் 294 அங்குலம் வருமெனினும், சாய்வாக இணைக்கும்போதும் மூலைகளிலும் துணி செலவாவதால் அது போதாது. 8 பட்டிகள் வேண்டும்.

பட்டியை நீளவாக்கில் இரண்டாக மடித்து, அதன் திறந்த ஓரம் கில்ட்டின் ஓரத்துடன் பொருந்துமாறு முன்புறத்தில் வைத்துத் தைக்க வேண்டும். மூலைக்குக் கால் அங்குலம் முன்பே தையலை நிறுத்தி, பட்டியை மேல்நோக்கிச் சாய்வாக மடித்து, மீண்டும் கீழ்நோக்கி மடித்து அடுத்த பக்கத்தைத் தைத்தால் மூலை கூர்மையாக அமையும். பின்னர் பட்டியைப் பின்புறம் திருப்பிக் கையால் மறைதையல் இடுவர். பொறியால் தைத்தாலும் குறையில்லை. அடிக்கடி துவைக்கப்படும் கில்ட்டுக்கு அதுவே உறுதியானது எனக் கருதுவோரும் உளர்.

பெயர்த்துணி

வீரர்களுக்கான கில்ட்டின் பின்புறத்தில் பெயர்த்துணி ஒன்று கட்டாயமாகத் தைக்கப்படுகிறது. மேல்துணி தைத்தவர், ஊடு தையல் இட்டவர், ஓரம் கட்டியவர் ஆகியோரின் பெயர்களும், ஊரும், பெறுபவரின் பெயரும், வழங்கிய நாளும் அழியாத மையால் எழுதப்படும். பழைய கில்ட்டுகளுள் பெரும்பாலானவை யார் கைவேலை என அறிய இயலாதவாறு அருங்காட்சியகங்களில் இருப்பதற்கு இத்தகைய துணித்துண்டு இல்லாமையே காரணம்.

முடிந்த கில்ட்டைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக்கொண்டு அலசலாம். பருத்திப் பஞ்சு முதற் சலவையில் சற்றுச் சுருங்குவதால் மேற்பரப்பில் மெல்லிய சுருக்கங்கள் தோன்றும். இது பழுதன்று, பலர் விரும்புவதும் இத்தோற்றத்தையே. பெறுபவர்கள் சிலர் கெட்டுவிடுமோ என அஞ்சிக் கில்ட்டைப் பெட்டியில் பூட்டி வைக்கின்றனர். ஆதலால் வழங்கும்போதே, இது போர்த்திக்கொள்வதற்கும் துவைப்பதற்கும் உரியது எனச் சொல்லிக் கொடுக்கின்றனர்.